சும்பா போட்ட விவாகரத்து

கல்யாண விருந்தில் யாராவது என்னைக் கண்டுகொண்டால் என் சாப்பாடு அத்தோடு போச்சு. அப்பளத்தை நொறுக்குவதற்குள் பக்கத்து நாற்காலி இழுபடும். "லாயர், ஒரு சின்ன கேள்விலா" என்பார்கள். பன்னிரண்டு வருடத் தொழிலில் சின்னக் கேள்வி எதையும் நான் பார்த்ததில்லை. வாடகைக்கு இருப்பவன் ஆளையே காணோம், பூட்டை உடைக்கலாமா? அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், அண்ணன் வீட்டுப் பட்டாவை, அதான் கிராண்டை, தர மாட்டேன் என்கிறான், போலீசுக்குப் போகலாமா? இதற்கெல்லாம் வக்கீல்கள் வைத்திருப்பது ஒரே பதில்தான். "பாக்கணும்ங்க, கேஸைப் பொறுத்தது." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வோம்.

ஆனால் ஜார்ஜ் டவுனில் என் மாடி அலுவலகத்துக்கு மூச்சிரைக்க ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது வேறு. "சும்பா போட்டுட்டோம், அது போதும்தானே?" சும்பா என்றால் சத்தியப் பிரமாணம். அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆணையர்கள் கோர்ட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்து வெள்ளி நோட்டை நீட்டி அவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் முத்திரை குத்தித் தருவார். இன்னார் என் முன்னால் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் அந்த முத்திரை. உள்ளே எழுதியிருப்பது செல்லும் என்பதற்கு அல்ல. நம் ஜனங்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். சிவப்பு முத்திரை விழுந்துவிட்டால் கவர்மெண்டே தலையாட்டிவிட்ட மாதிரி அவர்களுக்கு.

ஒருவர் தன் மகன் இன்றிலிருந்து தன் மகன் இல்லை என்று சும்பா போட்டுக்கொண்டு வந்தார். இன்னொரு பையன், வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று காதலி போட்டுக்கொடுத்த சும்பாவோடு வந்து, அந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டான். வக்கீல்கள் கூடும் விருந்துகளில் இந்தக் கதைகளைக் குரல் மாற்றி, கையை ஆட்டிச் சொல்வேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பது இருக்கும். தாசேக் கெலுகோரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். எப்போதோ உடைந்த தாடை கோணலாகக் கூடியதுபோல, பேசும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இளையவருக்கு என் வயதுதான், முப்பத்தாறு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்ததால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. இளையவர் பேக்கில் எதையோ துழாவ, மூத்தவர் அவருடைய தண்ணீர்ப் போத்தலை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா தங்கை என்றே நினைத்தேன்.

இளையவர்தான் பேசினார். கணவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்விட்டார். எட்டு வயதில் ஒரு மகள். குடியிருக்கும் பிளாட் அவர் பெயரில் இருக்கிறது. கருமாதி முடிந்த மறுநாளே கணவரின் அண்ணன் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். பெயர் மாற்றலாம் என்று நில அலுவலகத்துக்குப் போனால், பதிவுப்படி அவருக்கு வேறு மனைவி இருக்கிறார், போய் அவரைக் கூட்டி வா என்றார்களாம்.

"அது இந்த அக்காதான்" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "ஆனா இவங்க ரெண்டு பேரும் எப்பவோ டைவர்ஸ் பண்ணிட்டாங்க. பேப்பர்கூட இருக்கு. கவுண்டர்ல அத வாங்கிப் பாக்கவே மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு லெட்டர் போட்டா கேப்பாங்கன்னு அக்காவ தேடிக் கண்டுபிடிச்சி கூட்டிட்டு வந்தேன்."

பேக்கிலிருந்து எடுத்து நீட்டினார். லாமினேட் செய்த ஒற்றைத் தாள். மலாய் மொழியில் பத்து வரி. கணவன் மனைவியான நாங்கள் இன்று முதல் விவாகரத்து ஆகிவிட்டோம், ஒருவர் மீது ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை, இருவரும் வேறு திருமணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. கீழே இரண்டு கையெழுத்து, சிவப்பு முத்திரை, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தாளை மேசை மேல் தட்டி, "எந்த மடையன் இத டைப் பண்ணிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதான்மா" என்றார்.

"நானா?"

"கோர்ட்டுக்குப் பின்னால, மாடியில. அப்ப நீங்க கண்ணாடி போட்டிருந்தீங்க, முடி கட்டையா வெட்டியிருந்தீங்க. உள்ள வந்ததுமே எனக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சி."

அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வக்கீலும் ஒரு சும்பா ஆணையரும் ஒரே மாடியில் இருந்தார்கள். ஆணையரின் டைப்பிஸ்ட் பிள்ளை பெறப் போயிருந்த சில வாரங்கள் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் சொல்வதை அடி, வியாக்கியானம் பண்ணாதே என்று உத்தரவு. அடித்தவர் பெயரின் முதல் எழுத்துகளை இடது கீழ் மூலையில் சின்னதாகப் போடுவது அந்த அலுவலகத்தின் பழக்கம். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். லாமினேஷனுக்குள் என் இரண்டு எழுத்துகளும் அழியாமல் இருந்தன.

மூத்தவரின் முகம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்தச் சில வாரங்களில் இப்படி இன்னும் எத்தனை தாள் அடித்தேன் என்றும் தெரியவில்லை. எத்தனை வீட்டு அலமாரியில் என் இரண்டு எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன?

ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "அக்கா, நீங்க பதிவு இலாகாவுல பதிஞ்சி கட்டினவங்க. அதப் பிரிக்க கோர்ட்டாலதான் முடியும். இந்த பேப்பர் பிரிக்காது."

"பிரிக்காதுன்னா?"

"அவர் சாகிற வரைக்கும் நீங்கதான் அவர் பொண்டாட்டி."

மூத்தவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "பன்னண்டு வருசமா நான் தினம் பஸ்லதான் வேலைக்குப் போறேன்" என்றார். "ஒருநாள் அடிபட்டு செத்திருந்தா, என் பொணத்த அவர்கிட்டயா குடுத்திருப்பாங்க?"

"ஆமாங்கக்கா."

அவர் கை தானாகத் தாடைக்குப் போனது. அந்தத் தாடையை உடைத்தது யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. இளையவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப எங்க கல்யாணம்?" என்று இளையவர் மெல்லக் கேட்டார். "கோயில்ல ஊரக் கூட்டித்தானே தாலி கட்டினாரு? எங்கப்பாகிட்ட இந்தப் பேப்பரக் காட்டித்தான் பொண்ணு கேட்டாரு. அப்பா ரெண்டு தடவ படிச்சிப் பாத்துட்டுத்தான் சரின்னாரு. பதிவு பண்ணலாம் பண்ணலாம்னு இவர்தான் ஷிப்ட காட்டித் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தாரு."

மனைவி இருக்கும்போது கட்டிய தாலியைச் சட்டம் கல்யாணமாக எடுத்துக்கொள்ளாது என்று சொன்னேன். மகளுடைய பர்த் சர்ட்டிபிகேட்டில் அப்பா பெயர் இருக்கிறதே என்றார். பெயர் இருந்தாலும், உயில் இல்லாததால் வீட்டில் அவளுக்குப் பங்கு வராது என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் அழவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி அதன் நாடாவை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப வீடு யாருக்கு?"

இறந்தவருக்கு அப்பா அம்மா இல்லை. மூத்தவரோடு பிள்ளையும் இல்லை. "இந்த அக்காவுக்கு. முழுசா" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் யாருக்கு அதிர்ச்சி அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"நான் அன்னிக்கே உங்கள கேட்டேன்மா" என்றார் மூத்தவர். கோபமே இல்லாமல், காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னார். "கோர்ட்டுக்கெல்லாம் போக வேணாமா, இதோட நான் இவர் பொண்டாட்டி இல்லியான்னு கேட்டேன். நீங்க, 'ஏன்க்கா, அடுத்த மாப்ள ரெடியா?'ன்னீங்க. ஆபீசே சிரிச்சிச்சி. நானும் சிரிச்சிட்டேன். படிச்ச புள்ள, தப்பா இருந்தா சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

இதுவும் எனக்கு நினைவில்லை. ஆனால் சந்தேகப்படவும் முடியவில்லை. அது என் வாயில் வரக்கூடிய பேச்சுதான், இன்றைக்கும் வரும். சட்டம் எனக்கு அன்றே தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியவள் நான். தாடை உடைந்து வந்த ஒருத்தி அதையே நேரில் கேட்டபோது நக்கல் அடித்து அனுப்பியிருக்கிறேன். மேசைக்குக் கீழே கைகளைக் கோர்த்துக்கொண்டேன்.

இந்தக் கேஸை நான் எடுப்பது முறையல்ல, வேறு வக்கீலிடம் அனுப்புகிறேன், என் மீது புகார் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்றேன். அடுத்த தெருவில் உள்ள ஒரு வக்கீலின் எண்ணை எழுதி நீட்டினேன். மூத்தவர் அதைத் தொடவில்லை.

"இன்னொருத்தர்கிட்ட போயி என் தாடையிலேருந்து ஆரம்பிக்கணுமா? முடியாது. நீங்கதான் ஆரம்பிச்சீங்க, நீங்களே முடிங்க" என்றார். பிறகு இளையவரைக் காட்டி, "எனக்கு அந்த வீட்டுல ஒரு செங்கல்கூட வேணாம். இவளுக்கும் புள்ளைக்கும் எழுதிக் குடுத்துருங்க."

"குடுக்கலாம்க்கா. ஆனா மொதல்ல அது உங்க பேருக்கு வரணும். அதுக்கப்புறம்தான் நீங்க குடுக்க முடியும். உங்க பேருக்கு வரணும்னா, நான் அவரோட முறையான மனைவின்னு நீங்க சும்பா போடணும்."

"வேணாம்னு நான் ஒதுங்கிட்டா?"

"அவர் அண்ணனுக்குப் போயிரும்."

மூத்தவர் எழுந்துவிட்டார். "அவர் பொண்டாட்டின்னு என் வாயால சொல்ல மாட்டேன். ராத்திரியோட ராத்திரியா அதுலேருந்து ஓடி வந்தவ நான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். இளையவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்னை அவர் ஒரு தடவகூட அடிச்சதில்லக்கா" என்றார். "இந்த அக்கா சொன்னப்ப மொதல்ல நான் நம்பல. வாயத் தொறந்து காட்டினாங்க. ஒரு பக்கம் பல்லே இல்ல. அவங்கள நீங்க கட்டாயப்படுத்தாதீங்க. நானும் மகளும் எங்கயாச்சும் ரூம் பாத்துக்கிறோம்லா." அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் மூத்தவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இடையில் ஒருநாள் இளையவர் போன் செய்தார். அந்த அண்ணன் வீடு வாங்க ஆள் கூட்டி வந்து அறை அறையாகக் காட்டிவிட்டுப் போனாராம். பள்ளிச் சீருடையோடு நின்ற மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஜன்னலை அளந்தார்களாம். அதை மூத்தவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். புதன்கிழமை காலை இருவரும் மறுபடி படியேறி வந்தார்கள்.

மனுவையும் அதற்கான சும்பாவையும் தயாராக வைத்திருந்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். எது செல்லும், எது செல்லாது, இதற்குப் பிறகு எத்தனை தடவை வரவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவருடைய முறையான மனைவி என்ற இரண்டாவது வரிக்கு வந்ததும் மூத்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ஒரு வரிய விட்டுட்டு மத்தத அடிக்க முடியாதா?"

"முடியாதுக்கா. மத்ததெல்லாம் அந்த வரியாலதான் நிக்குது."

கீழ்த்தளத்தில் இருக்கும் ஆணையரிடம் மூவரும் இறங்கினோம். அவர் அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு, முகத்தை நிமிர்த்தாமலே, "பெனார் கா?" என்று கேட்டார். இதெல்லாம் உண்மையா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி. மூத்தவர் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். இளையவர், "வேணாம்க்கா, வாங்க போயிரலாம்" என்று அவர் முழங்கையைப் பிடித்தார்.

"பெனார்" என்றார் மூத்தவர்.

கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டார். முத்திரை விழுந்தது. இளையவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மூத்தவர் பேனாவை மூடி என் கையில் கொடுத்தார்.

"செத்தும் அவர் என்ன விடல" என்றார். "மறுபடியும் அவருக்கே கட்டி வெச்சிட்டீங்கம்மா."