அக்கரைத் தண்ணீர்

எங்கள் பெரியப்பாவுக்கு இஷ்டம்போல் தண்ணீர் குடிக்க அனுமதி இல்லை. சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, நாள் முழுவதற்கும் ஒரு சின்னக் குவளைதான் கணக்கு. அதை அவர் கசப்பு மருந்தைப் போல உதட்டில் வைத்து வைத்து எடுப்பார். ஆனால் அவருடைய ரத்தத்தைக் கழுவும் இயந்திரம் ஒவ்வொரு தடவையும் பீப்பாய் கணக்கில் குடிக்கும் என்று அம்மா சொல்வார். மனிதருக்கு மறுத்ததை இயந்திரத்துக்கு ஊற்றுவது எனக்கு அநியாயமாகப் பட்டது. அப்போது எனக்கு எட்டு வயது.

அந்த வருடம் கெடா மாநிலத்துச் செமிலிங்கில் எங்கள் வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதியது. மூடா ஆற்றில் தண்ணீர் இல்லாமல் இல்லை. அதைச் சுத்தம் செய்து அனுப்பும் இடத்தில் பம்ப் கெட்டுவிட்டது என்றார்கள். புது நிலையம் வரப்போகிறது என்பதை நான் பிறந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஆற்றின் தென்கரை பினாங்கு மாநிலம். அங்கே அதே ஆற்றுத் தண்ணீர் குழாயில் கொட்டியது. ஆறு யாருடையது என்று இரண்டு மாநிலத்துப் பெரிய மனிதர்களும் தொலைக்காட்சியில் மாறி மாறிப் பேச, அம்மா அதன் முன்னால் காலி வாளிகளை நகர்த்திக்கொண்டிருப்பார்.

சுங்கைப்பட்டாணியில் பெரியப்பா போய்வந்த டயாலிசிஸ் நிலையம் கொஞ்ச நாள் லாரித் தண்ணீரில் ஓடியது. முதலில் நேரத்தைக் குறைத்தார்கள். பிறகு லாரியும் வரவில்லை. பெரியப்பாவின் கால்கள் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அப்பா தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு எங்களைக் காரில் ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரியில் உட்காரவும் இடமில்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள். அப்படியே ஆற்றைத் தாண்டி, அம்மாவின் தங்கை வீடு இருந்த கெப்பாலா பத்தாஸுக்குப் புறப்பட்டோம். அங்கும் ஒரு டயாலிசிஸ் நிலையம் இருந்தது.

பாலத்துக்குக் கீழே ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இதுல எது பெரியப்பா நம்ம பாதி?"

"யாருக்குத் தெரியும் புள்ள. கோடு போட்டவங்களத்தான் கேக்கணும்."

அந்த நிலையத்தில் இருந்த தாதி தமிழ்ப் பெண்தான். பெரியப்பாவின் கால்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, தண்ணி இருக்கு. மெஷின்தான் காலி இல்ல. உங்க பக்கத்து ஆளுங்களே நெறைய பேரு வந்துட்டாங்க லா. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்க."

"அங்கேர்ந்துதான் மிஸ்ஸி வர்றோம்" என்றார் அப்பா.

மனைவிக்காக வெளியே காத்திருந்த ஒருவர் சும்மா இருந்திருக்கலாம். "தண்ணி தர மாட்டேன்னு சொல்றதும் உங்க ஸ்டேட்தான். இப்ப வந்து எங்க எடத்தயும் கேக்குறீங்க" என்றார்.

"ஆறு எங்க மலையிலேர்ந்துதான்யா வருது" என்று அப்பா அவர் மேல் பாய்ந்துவிட்டார். இருவரும் தொலைக்காட்சியில் கேட்ட வார்த்தைகளையே கத்தினார்கள். பெரியப்பா அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"விடு தம்பி. அவரு சம்சாரம் உள்ள படுத்திருக்கு. போலாம்."

சித்தி வீட்டு வாசலில் சித்தப்பா நீலத் தோங்குப் பீப்பாய்களில் எங்களுக்காகத் தண்ணீர் பிடித்தார். அந்த வேலைக்கு நடுவிலும் அவரும் அப்பாவும் எந்த மாநிலத்தின் மேல் தப்பு என்று விவாதித்தார்கள். அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போனேன். பெரியப்பா குழாயைத் திறந்து ஒரு பெரிய கிளாஸை நிரப்பி, நிறுத்தாமல் குடித்தார். மறுபடி நிரப்பினார்.

"மாமா, வேணாம் மாமா" என்றார் வாசற்படியில் நின்ற சித்தி.

"சில்லுன்னு இருக்கும்மா" என்றார் பெரியப்பா, மிகவும் சாதாரணமாக.

சித்தி கிளாஸைப் பிடுங்கவில்லை. கைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா எனக்கும் ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து குடித்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம், பல மாதங்களாகப் பேசாத அளவுக்குப் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இயந்திரம் காலியாகும்வரை அவர் இருக்கவில்லை. எங்கள் குழாய் அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. சித்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். பினாங்குத் தண்ணீரா, கெடாத் தண்ணீரா என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை.

சித்தி அழுததன் காரணத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை. பெரியப்பா இரண்டாவது கிளாஸை நிரப்பியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு குவளைக்கு மேல் கூடாது என்பது எங்கள் மாநிலத்துச் சட்டம், பாலத்தைத் தாண்டிவிட்டால் அது செல்லாது என்றே நான் நினைத்திருந்தேன்.