சந்தனம் பூசிய துப்பாக்கிகள்

பாஞ்சாலைக்கு வாய் ஜாஸ்தி. திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலை கிராமத்துக்காரி, ஆயுதப்படைக் காவலர். பாரா நிற்கும்போதுகூடக் கிரிவலம் போகிறவர்களை வம்புக்கு இழுக்காமல் இருக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு ஆயுத பூஜை அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

அன்று விடியற்காலையில் முகாமின் பின்சுவரை யாரோ எகிறிக் குதித்தார்கள். பாராவில் நின்ற பாஞ்சாலை துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் தோட்டாவை ஏற்றினாள். ஏட்டு கண்ணாயிரமும் தன் துப்பாக்கியோடு ஓடி வந்தார். வந்தவர் குழாயடி தேடிய ஒரு சாமியார். ரெண்டு பேரும் சிரித்துவிட்டு அவரைக் குளிக்க அனுப்பினார்கள்.

பாரா முடிந்தால் துப்பாக்கியை மணல் வாளிக்கு நேராகப் பிடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்ட வேண்டும். அன்று பூஜை அவசரம். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை மட்டும் கழற்றிக் கொடுத்தார்கள். துப்பாக்கிகளை ஜமுக்காளத்தில் வரிசையாக அடுக்கினார்கள். துப்பாக்கியின் மரக்கட்டையில் எழுதிய எண்ணெல்லாம் மறையும்படி சந்தனத்தை அப்பியவர்கள் எந்தப் புத்திசாலிகளோ!

மணி அடித்தது. காவலர் குடும்பங்கள் கூடி நின்றன. சுண்டல் வாங்க அந்தச் சாமியாரும் வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும்தான் பாஞ்சாலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏற்றிய தோட்டாவை அவள் இறக்கவே இல்லை. பாதுகாப்புப் பூட்டைப் போட்டாளா என்பதும் நினைவில்லை. வரிசையில் எது தன்னுடையது என்றும் தெரியவில்லை.

கண்ணாயிரத்தின் காதில் சொன்னாள். அவர் முகம் கடுத்தது.

"கம்முனு இரு. ஆரத்தி முடியட்டும், நான் பாத்துக்கறேன். வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிடும்."

வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் யாரோ பிள்ளைகளிடம் பூக்கூடையைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வரிசையாகக் குனிந்து, ஒவ்வொரு துப்பாக்கியிலும் விசை வளையத்துக்குள் சாமந்தியைச் செருகத் தொடங்கினார்கள். குழல்களுக்கு எதிரே தாய்மார்கள் கும்பிட்டபடி நின்றார்கள்.

ஆரத்தித் தட்டு எழும்பியது. பாஞ்சாலை தாவிப் போய்க் குழல்களுக்கு முன்னால் நின்றாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க. என் துப்பாக்கியில தோட்டா இருக்கு. எதுனு தெரியல."

மணி நின்றது. பிள்ளைகளை வாரிக்கொண்டு எல்லோரும் பின்னுக்குப் போனார்கள். முகாம் ஆய்வாளர் அவளை முறைத்த முறைப்பில் அவள் வேலை அப்போதே போய்விட்டது போலிருந்தது. ஆனாலும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார். பாஞ்சாலை பூவை எடுப்பாள், மணல் வாளிக்கு நேராகப் பிடிப்பாள், போல்ட்டை இழுப்பாள். வரிசையின் நடுவில் ஒன்றிலிருந்து தோட்டா துள்ளி விழுந்தது. சந்தனத்தைத் துடைத்தாள். அவள் எண்தான்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போதும், நிறுத்து என்றார் கண்ணாயிரம். பாஞ்சாலை நிறுத்தவில்லை. மிச்சத்தையும் பார்த்தால்தான் தனக்கு மூச்சு வரும் என்றாள்.

கடைசித் துப்பாக்கியிலிருந்தும் ஒரு தோட்டா விழுந்தது.

ஆய்வாளரே குனிந்து சந்தனத்தைத் துடைத்தார். எண்ணைப் படித்துவிட்டுக் கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாயிரம் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. அந்தத் துப்பாக்கிக்குப் பூ வைத்த தன் பேத்தி கவியாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.