டீச்சர் எடுத்த வாடகை வீடு

மில்லர்புரத்தில் நாங்கள் குடியிருக்கும் கீழ்வீடு ஓய்வுபெற்ற ஒரு டீச்சருக்குச் சொந்தம். மாடியில் அவர், கீழே நானும் கணவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும். போன மழைக்காலத்தில் ஒருநாள் இறங்கி வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மகளுக்கு இது தலைப்பிரசவம். படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாவ. கீழ்வீட்டை ஒழிச்சுத் தர முடியுமா தம்பி?”

என் கணவருக்குத் துறைமுகத்தில் ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் வேலை. சுங்க விதிகளை ஒப்பித்து ஒப்பித்து, உலகத்துச் சட்டமெல்லாம் தன் சட்டைப்பையில் இருப்பதாக ஒரு நினைப்பு. இங்கே வருமுன் திருவனந்தபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்காரர் எங்களைக் கிளப்பப் பார்த்து, முடியாமல் ஓய்ந்துபோனார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பெருமையை இவர் அளப்பார்.

அதே மிதப்பில் டீச்சரிடமும் பேசினார். “கோர்ட்டுக்குப் போனாலும் எங்கள கெளப்ப முடியாது டீச்சர். சட்டம் அப்படி.”

டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி மாடியேறினார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், குறுக்கே பேசவில்லை. இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது என்ற சுயநலம் எனக்கும் இருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன.

அடுத்த மாதமே டீச்சர் மாடியைப் பூட்டிவிட்டு, பின்தெருவில் மாடிப்படி இல்லாத ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மகளோடு போய்விட்டார். சொந்த வீடு இருக்க, பிரசவம் வாடகை வீட்டில். அந்தத் தெரு வழியாகக் கடைக்குப் போவதையே நான் விட்டுவிட்டேன்.

பிறகுதான் ஆபீஸ் வக்கீல் இவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மாநில எல்லை தாண்டினால் வாடகைச் சட்டம் வேறு. இங்கே எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். நாங்களோ வாய்ப்பேச்சில் குடிவந்தவர்கள்.

“டீச்சருக்குத் தெரியவா போவுது? நீ வாயத் தொறக்காத,” என்றார் கணவர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பேத்தி பிறந்த மறுவாரம் டீச்சர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடி, “சார் ஒண்ணும் சொல்ல மாட்டாவளே? உள்ள வரலாமா?” என்று கேட்டார்.

ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். மனசு தாங்கவில்லை, கொட்டிவிட்டேன். “டீச்சர், இந்த ஊர்ச் சட்டப்படி நீங்க எங்களக் காலி பண்ணச் சொல்லலாம். இவுங்க சொன்னது தப்பு.”

“தெரியுமே,” என்றார் அவர். “மருமகன் அன்னைக்கே வக்கீல்ட்ட கேட்டுட்டாவ. உன் மக பத்தாவதுல்லா படிக்கா? பரீட்ச நேரத்துல பிள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கன போவன்னுதான் விட்டுட்டேன்.”

டீச்சர் இன்னும் வெளியேதான் நின்றார். ‘வாங்க’ என்று நான் சொல்லட்டும் என்று, தன் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.