படிக்காமல் போட்ட ‘சரி’

இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் நான் மேனேஜர். ஆபீசில் ஒரே கம்ப்யூட்டர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மெயில் முகவரி. அதைப் பார்ப்பது டைப்பிஸ்ட் எஸ்தரின் வேலை.

ஒருநாள் கோயம்புத்தூர் வாடிக்கையாளர் போனில் கத்தினார். அளவை மாற்றச் சொல்லி மெயில் அனுப்பியும், பழைய அளவிலேயே சரக்கு முழுவதும் வந்திருக்கிறதாம். “செவ்வாய்க்கிழமை உங்க ஆபீஸ்ல அதைத் திறந்திருக்காங்க. திறந்ததும் வர்ற ஒப்புகை என் கையில இருக்கு” என்றார்.

எல்லோர் முன்னாலும் எஸ்தரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். முதலாளி என்னிடம், “நாளையில இருந்து அந்தப் பிள்ளைய வரவேண்டாம்னு சொல்லும்வே” என்றார்.

எஸ்தர் அழவில்லை. “செவ்வாய்க்கிழமை நான் லீவு சார். லீவு லெட்டர்ல நீங்கதான் கையெழுத்துப் போட்டிய. பாஸ்வேர்டை எழுதி மானிட்டர்ல ஒட்டுனதும் நீங்கதான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று துபாய் மச்சானின் மெயிலைத் தேடி உட்கார்ந்தவன் நான். வேறொரு மெயில் திறந்துகொண்டது; ஒப்புகை அனுப்பலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. படிக்காமலே ‘சரி’ அழுத்தி மூடினேன். திறந்த மெயில் என்பதால், மறுநாள் புது மெயில்களை மட்டும் பார்த்த எஸ்தரின் கண்ணில் அது படவில்லை.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நீரா வே அது? சரி, விடும். தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்.”

எஸ்தர் பக்கத்தில்தான் நின்றாள். அந்த ‘எல்லாருக்கும்’ என்பதில் அவள் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை.