சத்தம் தாங்காத இனாயத்

பாண்டு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்த ஷரஃபுதீனின் மகன் இனாயத், பள்ளிவாசலில் மய்யித்துக் குளிப்பாட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்ற செய்தி, 1931-இல் கச்சேரி ரோடு வட்டாரத்தை உலுக்கியது. இறந்தவர்களைக் குளிப்பாட்டி அனுப்புவது பெரிய நன்மை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த நன்மையை அடுத்த வீட்டுக்காரர் அடையட்டும் என்பதிலும் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை கிடையாது.

இனாயத்தை அறிந்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி அதிகம். அப்பாவின் பெரிய டிரம் அதிர்ந்தால் காதில் பஞ்சு அடைத்துக்கொள்கிறவன் அவன். கோழி அறுப்பதைப் பார்த்தால் மயங்கி விழுவான். யாரையாவது யாராவது அதட்டினால் இவனுக்குக் கண் கலங்கும். ஜின் பிடித்திருக்கிறது என்று தாயார் ஜஹீதா ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். சோம்பேறித்தனம் என்று தகப்பனார் தீர்ப்புச் சொன்னார்.

வேலைக்கு அனுப்பாமலும் இல்லை. லஸ்ஸில் ஒரு ஜவுளிக்கடையில், பேரம் படியாமல் வாடிக்கையாளர் முகம் வாடுவதைப் பொறுக்காமல் கேட்ட விலைக்கே துணியைக் கிழித்துக் கொடுத்தான். பிறகு முதலாளியின் முகம் வாடியதற்கும் அவனேதான் அழுதான். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே மேஸ்திரிக்கு உதவியாளாகப் போனான். கருங்கல்லில் விழும் ஒவ்வொரு அடியும் தன் மண்டையில் விழுகிறது என்று திரும்பி வந்துவிட்டான். வயது இருபத்தாறு.

அந்தச் சமயத்தில் தையல்காரர் ஹனீஃபா காலமானார். வழக்கமாகக் குளிப்பாட்டுகிற அப்துல் வஹீத் வேகமான ஆள். உடலை மூட்டையைப் போல் புரட்டி, பச்சைத் தண்ணீரை ஊற்றினார். துக்கத்துக்கு வந்து, உடலை மறைத்துக் கட்டிய திரையோரம் நின்றிருந்த இனாயத், "மெதுவா பாய்" என்றான். வஹீத் எரிச்சலுடன் குவளையை அவன் கையில் கொடுத்து, அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே செய் என்றார்.

விழப்போகிறான் என்று பிடிப்பதற்கு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அவன் விழவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கி, தன் முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தான். மறைவுத் துணி விலகாமல், வலப்புறத்திலிருந்து ஆரம்பித்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் முடித்தான். மறு வாரம் பள்ளிவாசல் அவனுக்குச் சொல்லியனுப்பியது.

கல்யாண வீடுகளும் ஷரஃபுதீனுக்குச் சொல்லியனுப்பின. பிணம் கழுவுகிறவன் வீட்டு பாண்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வேண்டாமாம். மந்தைவெளியிலிருந்து மூன்றாவது ஆளும் வந்து வேண்டாமென்று சொல்லிப் போன அன்று, ஷரஃபுதீன் பள்ளிவாசலுக்கே போய்த் திரையை விலக்கினார். பலகையின்மேல் ஒரு முதியவரின் உடல் கிடந்தது. ஓரமாக நின்றிருந்த இறந்தவரின் மகன்கள் திடுக்கிட்டார்கள்.

"இன்னாடா, நான் ஊருக்கெல்லாம் கல்யாணத்துக்கு வாசிச்சிக்கினு கீறேன், நீ இங்க குந்திக்கினு மய்யித்து கழுவறியா? ஊட்டுக்கு வா. இல்ல, இனிமே அந்த வாசப்படி மிதிக்காத."

இனாயத் குவளையைக் கீழே வைக்கவில்லை. "இங்க எனக்கு மண்டை வலிக்கல அத்தா. இவங்களுக்கு வலிக்குதான்னுதான் பாத்துக்கினு கீறேன்."

"செத்தவனுக்கு இன்னாடா வலி?"

"வலிக்காதுன்னு யாரு போயிட்டு வந்து சொன்னாங்க?"

பதில் தெரியாதபோது குரலை உயர்த்துவது பாண்டு மாஸ்டரின் வழக்கம், உயர்த்தினார். மகன் வழக்கம்போல் அழுதுவிடுவான், கையைப் பிடித்து இழுத்துப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. இனாயத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதியவரின் காதுக்குள் தண்ணீர் போகாதபடி விரலால் அணைத்துக்கொண்டு, "மெதுவா பேசுங்க அத்தா. இவரு இன்னைக்குத்தான் வந்திருக்காரு" என்றான்.

ஊர்வலத்துக்கு முன்னால் போகிற மனிதரிடம் சத்தத்தைக் குறை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. ஷரஃபுதீன் மகனின் கைகளைப் பார்த்தார். பிறகு தாம் விலக்கிய திரையைத் தாமே இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தார்.

கோஷ்டியில் கிளாரினெட் வாசிக்கிற கபாலி வாசலில் காத்திருந்தான். "இன்னா மாஸ்டர், பையன் வரலியா?" என்று கேட்டான்.

"வேலையில கீறான்" என்றார் ஷரஃபுதீன்.