ரோஜா வரைந்த குண்டு

எங்கள் பக்கத்து வீட்டு கோதலீவ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழம்பொருள் சந்தைக்குப் போய்விடுவாள். இல்லையென்றால் யாராவது இறந்து வீட்டைக் காலி செய்கிற இடத்துக்கு. நீலச் சித்திரத் தட்டுகள், மங்கிய ஓவியங்கள், பீங்கான் நாய்கள், பித்தளைச் சாடிகள் என்று அவள் வீட்டில் சுவரே தெரியாது. அந்தச் சாடிகள் முதல் உலகப்போரில் சுட்டுத் தீர்த்த பீரங்கிக் குண்டுகளின் வெற்றுக் கூடுகள். சிப்பாய்கள் அவற்றில் பூவேலை செய்திருந்தார்கள். பெல்ஜியத்தில் அந்தப் போர் நடந்த எங்கள் ஈப்பர் பக்கத்தில் அது இல்லாத வீடு குறைவு.

அந்த ஞாயிறு, காலமான ஒரு கிழவரின் வீட்டில் அவருடைய மருமகள் லுட்வினா சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். வாசல் கதவு மூடிக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்திருந்த பொருளில் கோதலீவின் கண் விழுந்தது. ஒரு முழ உயரம், கூர் முனை, மரப் பீடம், உடம்பெல்லாம் வெள்ளைப் பெயின்ட், அதன்மேல் சிவப்பு ரோஜாக்கள். விளக்குத் தண்டு என்றுதான் நினைத்தாள். அதை வாங்கி சைக்கிள் கூடையில் போட்டு, கல் பாவிய சாலையில் கடகடவென்று ஓட்டிவந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் துடைக்க உட்கார்ந்தாள். யார் வரைந்தது என்று பெயர் தேட, பீடம் மேலே வரும்படி சாய்த்தாள். உள்ளே ஏதோ தளும்பியது.

மறுபடி சாய்த்துப் பார்க்கவில்லை. எங்கள் வயல்களில் உழும்போது வெடிக்காத பழைய குண்டுகள் இன்னும் கிளம்பும்; உழவுக்குப் போன அவள் அப்பா அவளுடைய சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார்: உள்ளே தண்ணீர் ஆடினால் அது விஷவாயுக் குண்டு. கீழே வைக்கக் கை வரவில்லை. வைக்கும்போது இடித்துவிட்டால்? மெல்ல மடியில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். உள்ளங்கை வியர்த்து பெயின்ட் வழுக்க ஆரம்பித்தது. தெருவில் ஒரு டிராக்டர் போனது. சுவரில் தட்டுகள் எல்லாம் கிணுகிணுத்தன. ஆசை ஆசையாய்த் தேடி மாட்டிய தட்டுகள். அதில் ஒன்று ஆணியிலிருந்து நழுவி மடியில் விழுந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் தன்னைக் குறிபார்ப்பதுபோல் இருந்ததாம்.

தோட்டத்தில் லீக் என்ற வெங்காயச் செடிகளுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த கணவன் ஃபிர்மின் தண்ணீர் குடிக்க வந்தான்.

“கிட்ட வராத. போலீசுக்குப் போன் பண்ணு,” என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

“எதுக்கு? உன் சாமானத் தொடைக்க இப்ப போலீசும் வரணுமா?”

“உள்ள தண்ணி ஆடுது, ஃபிர்மின்.”

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன் செய்தான். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், அதைத் தொடாதீர்கள் என்றார்கள். அவள் மடியில் இருக்கிறது என்றதும், அசையாமல் அப்படியே இருக்கச் சொல்லுங்கள், ராணுவத்தை அனுப்புகிறோம் என்றார்கள்.

“என்கிட்ட குடு,” என்றான் ஃபிர்மின்.

“வேணாம். ரெண்டு பேரும் எதுக்கு? நீ போ.”

அவன் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான். தும்மல் வந்துவிடுமோ என்று பயந்து அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தெரு முழுவதையும் காலி செய்தார்கள். நாங்கள் தேவாலயக் கூடத்தில் கோட்டுகளைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம். யாரோ கொடுத்த சூப் ஆறிப்போனது. யாரும் அந்த வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

ராணுவத்திலிருந்து முகமூடி போட்ட ஒரு பெண் உள்ளே போனாள். ஃபிர்மினை வெளியே அனுப்பிவிட்டு கோதலீவின் எதிரில் மண்டியிட்டாள்.

“அம்மா, நான் இத முழுசாப் பிடிச்சுக்கிட்டேன். இப்ப நீங்க விடலாம்.”

“விரல் வரமாட்டேங்குது,” என்றாள் கோதலீவ்.

அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

குண்டுக்குள் விஷம் அப்படியேதான் இருந்தது, கசியவில்லை. மருத்துவர் அவள் கைகளைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். வீட்டிலிருந்த பித்தளைச் சாடிகளையும் சோதித்தார்கள். எல்லாம் வெறுங்கூடு. ஆனாலும் அவளால் அந்த வீட்டில் தூங்க முடியவில்லை, சில வாரம் மகள் வீட்டில் இருந்தாள். காலமெல்லாம் அந்தச் சாமான்களைத் திட்டிக்கொண்டிருந்த ஃபிர்மின் தினமும் அவற்றைத் தூசி தட்டி வைத்தான்.

திரும்பி வந்ததும் அவள் முதலில் போனது லுட்வினாவிடம். மாமனார் குளிர்காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்து அதில் ரோஜா வரைந்தாராம். குழந்தைகள் அதன்மேல் உட்கார்ந்து குதிரை ஓட்டினார்களாம். அது விஷம் நிறைந்த குண்டு என்று கோதலீவ் சொல்லக் கேட்டதும் லுட்வினா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இது மாதிரி இன்னொண்ணு இருந்துச்சா?” என்று கோதலீவ் கேட்டாள்.

லுட்வினா திரும்பி வாசல் கதவைப் பார்த்தாள்.

“ஜோடியாத்தான் இருந்துச்சு. நீங்க வர்றதுக்கு முன்னால ஒரு புருஷன் பெண்டாட்டி வாங்கிட்டுப் போனாங்க. யாருன்னு தெரியாது. கைக்குழந்தை வச்சிருந்தாங்க.”

போலீஸ் அந்தக் குண்டின் படத்தைப் போட்டு அறிவித்தது. ஒருவரும் வரவில்லை. கோதலீவ் இப்போதும் ஞாயிறுதோறும் சந்தைக்குப் போகிறாள். எதையும் வாங்குவதில்லை. கடை கடையாக நின்று, வெள்ளையில் சிவப்பு ரோஜா போட்டது எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்கிறாள்.