குகன் அண்ணை துப்பரவாக்கின பதினொரு நிமிசம்

குகன் அண்ணை போய்விட்டார். இன்று விடிய, ஆசுப்பத்திரியில்.

காலையில் இருந்து என் டைம்லைன் முழுக்க அவர் படம்தான். "வடமண்ணின் கிளிட்ச் இசை முன்னோடி" என்று நீங்கள் எழுதினதை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்... செத்தவரைப் பற்றிக் கூடாமல் கதைக்கக்கூடாதாம். நான் கதைக்கத்தான் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அரியாலையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கோயில் பாட்டு, நகைக்கடை விளம்பரம், பள்ளிக்கூடக் கீதம்... எல்லாம் அவர் கைபட்டதுதான். கெட்டிக்காரர், அதையும் சொல்ல வேண்டும்.

அப்போது நான் பருத்தித்துறைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் பாட்டுப் பெட்டியின் வயர் லூஸ். பள்ளத்தில் விழும்போதெல்லாம் பாட்டு ஒரு எழுத்தில் சிக்கித் தத்தளித்து, வேறெங்கோ போய் விழும். ஒரு நாள் சிக்கின மாதிரி அடுத்த நாள் சிக்காது.

ஏழு மாதம் போனில் பதிந்தேன். பாட்டை எறிந்துவிட்டு, சிக்கின இடங்களை மட்டும் எடுத்துக் கோர்த்தேன். பதினொரு நிமிசம். பிழைச் சத்தத்தையே இசையாக்குகிற கிளிட்ச் வகையில் என் முதல் ஆக்கம்.

வெளிநாட்டில் ஒரு இசைத் தொகுப்புக்குத் தெரிவானது. அனுப்ப முன்னம் சத்த அளவைச் சரிபார்க்க வேண்டும், என் லப்டொப்பும் படுத்துவிட்டது. ஹார்ட்டிஸ்க்கை அப்படியே கொண்டுபோய்க் குகன் அண்ணையிடம் கொடுத்தேன். வேறு கொப்பி வைக்கவில்லை... அது என் மடைத்தனம்.

இரண்டு நாளில் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, சரியாக் கரைச்சல் பட்டுப் போனன். ஒரே டிக் டிக் எண்டு கிடந்தது. எல்லாத்தையும் துப்பரவாக்கிப் போட்டன். வெறுமையாக் கிடந்த இடத்துக்கு ஒரு புல்லாங்குழலும் போட்டிருக்கு."

"அண்ணை, அந்த டிக் டிக்தான் பாட்டு."

"உனக்கென்ன விசரே?"

பழைய ஃபைலுக்கு மேலேயே சேவ் பண்ணியிருந்தார். உதவி என்று நினைத்து அந்த வெளிநாட்டுத் தொகுப்புக்காரருக்கும் அவரே அனுப்பிவிட்டார். நாங்கள் தெரிவு செய்தது இதுவல்ல என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. திரும்பப் பதியலாம் என்று போனால், பஸ்ஸுக்குப் புதுப் பெட்டி போட்டுவிட்டார்கள்.

மன்னிப்பா? நல்லது செய்யப் போய்க் கெட்ட பேர் வாங்கினதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அதைக்கூடத் தெரியாமல் செய்தது என்று விட்டிருப்பேன். பிறகு கலியாண வீடியோக்காரர்கள் கிளிட்ச் கேட்கத் தொடங்கினார்கள். பொத்தானை அமத்தினால் பாட்டு தானே சிக்கித் திக்கும் சொஃப்ட்வேர் ஒன்றை அண்ணை வாங்கினார். உடனே ஒருநாள் பட்டறை, அதற்குப் பெரிய விளம்பரப் பனர். நீங்கள் எல்லாரும் இன்று போடுகிற "முன்னோடி" அந்த பனரில் வந்ததுதான். அவரே எழுதிக் கொடுத்தது.

போனேன். கடைசி வரிசையில் இருந்தேன்.

"கிளிட்ச் எண்டால், பிழை மாதிரிக் கேக்கும், ஆனா பிழையில்லை. எல்லாம் எங்கடை கொன்ரோலிலதான் இருக்கும்."

எழும்பிக் கேட்டேன். "அப்ப உண்மையான பிழை வந்தால் என்ன செய்யிறது, அண்ணை?"

"திருத்துறது." எல்லாரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

இன்று பத்து மணிக்குக் கனடாவில் இருந்து அவருடைய மகள் எழுதினாள். நான் சத்த வேலை செய்கிறவள் என்று மட்டும் தெரியும், எங்கள் கதை அவளுக்குத் தெரியாது. செத்தவீட்டுக்கு வர முடியவில்லையாம். அப்பாவோடு கடைசியாகக் கதைத்த போன் கோலை ரெக்கோட் பண்ணி வைத்திருக்கிறாள், ஆனால் லைன் விட்டுவிட்டு வருகிறது.

"தெளிவாக்கித் தாங்கோ அக்கா. நாளைக்குப் பந்தலில போட வேணும்."

கேட்டேன். சாப்பாடு, மருந்து, பேரப்பிள்ளையின் பல்... பிறகு திடீரென்று, "அந்த பஸ் சத்தம் கொண்டுவந்த பிள்ளை... அவளுக்கு நான்..."

வெட்டு. மூன்று செக்கன் ஒன்றுமில்லை.

"...எண்டு சொல்லிவிடு."

இப்போது வருகிற சொஃப்ட்வேருக்கு வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினால் போதும். அவருடைய குரலிலேயே நிரப்பித் தரும். "செய்தது பிழை" என்று தட்டினேன். அச்சொட்டாகச் சொன்னது. நாலு தரம் கேட்டேன்... இத்தனை வருசம் காத்திருந்த வசனம். நாளைக்கு ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

அழித்துவிட்டேன். இரக்கத்தில் இல்லை. மன்னிப்பை அவர்தான் கேட்டிருக்க வேண்டும், அதையும் நானே செய்து கொடுக்க மாட்டேன்.

கிளிட்ச் இனி எங்கே போகும் என்று இன்பொக்சில் கேட்கிறவர்களுக்கு: பிழையை உண்டாக்க இப்போது ஒரு பொத்தான் போதும். திருத்த முடிந்தும் திருத்தாமல் விடுவதுதான் இனிக் கிளிட்ச். எனக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவுதான்.

அந்தக் கோலில் கை வைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். இதற்குமேல் செய்ய ஏலாது என்று பொய் சொன்னேன். நாளைக்கு அண்ணை தன்னுடைய பெரிய ஸ்பீக்கர்களில், தன்னுடைய ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், விட்டுவிட்டுத்தான் கதைக்கப் போகிறார். நான் முன்வரிசையில் இருந்து கேட்பேன்.

சற்று முன் மகள் திரும்ப எழுதினாள். "பரவாயில்லை அக்கா. அந்த பஸ் பிள்ளை ஆரெண்டு தெரியுமோ? அப்பா ஏதோ சொல்லிவிடச் சொன்னவர்."

தெரியாது என்று எழுதினேன்.

போங்கோ, குகன் அண்ணை.